சுவரைப் பார்த்து நின்றவள்

ஆய்வகத்தில் அவளுக்கு 'டேட்டாபேஸ்' என்று பெயர் விழுந்துவிட்டது. "டேட்டாபேஸ் வந்தாச்சா?" என்று கவுண்டரிலிருந்து குரல் வரும். "டேட்டாபேஸைக் கூப்பிடு, திரை உறைஞ்சு நிக்குது" என்று ரத்தப் பரிசோதனை அறையிலிருந்து ஆள் ஓடி வரும். அவளும் கோபித்துக்கொள்ளாமல் எழுந்து போவாள். வீட்டில் மட்டும் அவள் குட்டி. அவளைக் குட்டி என்று கூப்பிட மிச்சம் இருந்தவர் அவளுடைய அண்ணன் ஒருவர்தான். அவரும் அதே கட்டடத்தில், அதே மாடியில், தட்டச்சுப் பிரிவின் தலைவர். வேலை நேரத்தில் அவர் மறந்தும் குட்டி என்றதில்லை. எதிரில் வந்தால் "வணக்கம் மேடம்" என்பார். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டு வேகமாக நகர்ந்துவிடுவாள்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பால்பல் விழுகிற வயது. அண்ணனுக்கு மீசை அரும்பியிருந்த வயது. படிப்பைப் பள்ளியோடு நிறுத்திவிட்டு அவர் தட்டச்சு வகுப்பில் சேர்ந்தார். வீட்டில் மெஷின் கிடையாது. அதனால் சாப்பாட்டு மேசைமேல் விரலை வைத்து, இருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு பழகுவார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் வீட்டுப்பாடம் எழுதுவாள். விரல் நுனிகள் மேசையில் மழைத்தூறல் மாதிரி விழும். ஒவ்வொரு சொல் முடிவிலும் கட்டை விரல் கனமாக ஒரு தட்டுத் தட்டும். வகுப்பு நடத்திய மாஸ்டர் அந்த விஷயத்தில் பொல்லாதவர். சொல் முடிந்தும் கட்டை விரல் இடைவெளி விடுகிற நீளப் பட்டையில் விழவில்லை என்றால் ஸ்கேலால் விரலிலேயே ஒன்று வைப்பார். அண்ணன் அடி வாங்கியது ஒரே தடவை. அதற்கப்புறம் அவருடைய கட்டை விரல் தூக்கத்தில்கூடத் தன் கடமையைச் செய்தது.

தங்கையின் விளையாட்டு வேறு மாதிரி. இரண்டு நாற்காலிக்கு நடுவே போர்வையைக் கட்டி வீடு செய்வாள். அதற்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதுதான் ஆட்டமே. "கையில பேனா இருக்கறவங்க வரலாம். ஆனா சட்டையில பட்டன் எல்லாம் இருக்கணும்." அண்ணன் பேனாவோடு வந்து நிற்பார். "மூடி இல்லாத பேனா செல்லாது." மூடியோடு வருவார். உள்ளே விட்ட பிறகு யோசிப்பாள், இவர் எப்படி இவ்வளவு சுலபமாக வந்துவிட்டார் என்று. அடுத்த நாள் சட்டத்தில் இன்னொரு வரி சேர்ந்திருக்கும். வேறு பிள்ளைகள் அரை மணியில் சலித்துப் போய்விடுவார்கள். அண்ணன் மட்டும் வேலை முடிந்து அலுத்து வந்தும் அந்தப் போர்வை வாசலில் பொறுமையாகத் தேர்வு எழுதினார்.

மாலைக் கல்லூரியில் கணினி படித்தாள். ஆய்வகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அண்ணனிடம் மூச்சு விடாமல் விண்ணப்பித்தாள். நேர்முகத் தேர்வு நாளன்று மாடிப்படியில் அவளைப் பார்த்த பிறகுதான் அவருக்கே விஷயம் தெரியும்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மேலாளர்கிட்ட பேசியிருப்பேனே."

"அதுக்குத்தான் சொல்லல. நான் பாஸானேனா, நீங்க பாஸாக்கினீங்களான்னு ஆயுசு பூரா சந்தேகம் வந்துடும்ண்ணா."

அந்தப் பதிலை அண்ணன் தட்டச்சுப் பிரிவில் எல்லோருக்கும் சொல்லி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. சொல்லாதது மாதிரி சொல்வதில் அவர் கெட்டிக்காரர். "என்ன இருந்தாலும் சின்னப் பொண்ணுக்கு வாய் அதிகம்" என்று அலுப்போடு தொடங்கி, கடைசியில் முகம் முழுக்க விளக்கேற்றினாற்போல் நிற்பார்.

அவளுக்கு வேலை தற்காலிகம்தான். வேலை பிடித்திருந்தால் நிரந்தரம் என்றார்கள். அப்போது ஆய்வகத்துக்குப் புதிய மென்பொருள் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. பரிசோதனை முடிவுகள் எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் சேரும். தட்டச்சுப் பிரிவு அங்கேயே அறிக்கையை அடிக்கும். கவுண்டரில் பொத்தானை அழுத்தினால் தாள் வந்து விழும். அதில் வாசல் பகுதி முழுக்க அவள் பொறுப்பு. யார் உள்ளே வரலாம், கடவுச்சொல் எப்படி இருக்கவேண்டும், தப்பாக அடித்தால் எத்தனை தடவை பொறுக்கலாம் என்பதெல்லாம் அவள் எழுத்து. அது ஒழுங்காக நடந்தால் மாதக் கடைசியில் நிரந்தர உத்தரவு என்று மேலாளர் சொல்லியிருந்தார். அவள் அதை அண்ணனிடம் சொன்னபோது குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். ஆனால் அன்று தட்டைக் கழுவினவள் கழுவின தட்டையே மறுபடி கழுவினாள்.

அண்ணனுக்குத் தங்கை செய்யும் வேலை அரைகுறையாகப் புரிந்தால் தூக்கம் வராது. "ரெகுலர் எக்ஸ்பிரஷன்னா என்ன, ஒழுங்கா சொல்லு" என்று சாப்பாட்டு மேசையில் பிடித்துக்கொண்டார். அவள் பழைய செய்தித்தாள் ஓரத்தில் ஒரு வரி எழுதிக் காட்டினாள். அடைப்புக்குறி, கோடு, நட்சத்திரம், கூரை மாதிரி ஒரு குறி.

"எறும்பு மையில விழுந்து நடந்த மாதிரி இருக்கு."

"ஒவ்வொரு எறும்பும் ஒரு கேள்விண்ணா. யாராவது புதுசா கடவுச்சொல் வெச்சா, அதை இந்த வரி கேள்வி கேக்கும். இந்தச் சதுர அடைப்புக்குள்ள இருக்கறதுல ஒண்ணாவது உன்கிட்ட இருக்கான்னு கேக்கும். பெரிய எழுத்து ஒண்ணு, சின்ன எழுத்து ஒண்ணு, எண் ஒண்ணு, குறி ஒண்ணு. நாலு கேள்விக்கும் ஆமான்னு வந்தா உள்ள விடும்."

"குறின்னா?"

"ஆச்சரியக்குறி, சதவீதம், நட்சத்திரம், இப்படி. அது எத்தனையோ இருக்கே. ஒவ்வொண்ணா எழுதாம, அடைப்புக்குள்ள முதல்ல இந்தக் கூரையைப் போட்டு, எழுத்தும் இல்ல, எண்ணும் இல்ல, அப்படி ஏதாவது ஒண்ணுன்னு எழுதிட்டேன். சின்னதா முடிஞ்சிடுச்சு பாருங்க."

அண்ணன் அந்த வரியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். பிறகு அந்தச் செய்தித்தாள் ஓரத்தை மட்டும் நேராகக் கிழித்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் தட்டச்சுப் பிரிவில் அது கை மாறிக் கை மாறிச் சுற்றியது. "இதைப் பாத்து எழுதச் சொன்னாக்கூட எனக்குத் தப்பு வரும்" என்றார் கண்ணாடி அக்கா. சங்கிலி போட்ட கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் மூத்த தட்டச்சர் அவர்.

தட்டச்சுப் பிரிவில் இருந்தவர்கள் எல்லோரும் பழைய தட்டச்சு வகுப்புக்காரர்கள். வேறு வேறு தெரு, வேறு வேறு வகுப்பு. ஆனால் ஒரே மாதிரி மாஸ்டரிடம் ஒரே மாதிரி அடி வாங்கி வந்தவர்கள். கண்ணாடி அக்கா மருத்துவரின் கிறுக்கலைப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே அடிப்பார். ஜன்னலோரம் இருப்பவருக்கு 'ரயில்' என்று பட்டப்பெயர். தொடங்கினால் நிலையம் வரும் வரை நிற்க மாட்டார். இவர்களுக்குக் கடவுச்சொல் என்பதே புதிது. பழைய மென்பொருளில் எல்லோருக்கும் பொதுவாக ஒன்றுதான். காலையில் முதலில் வருகிறவர் அடித்துத் திறந்துவிட்டால் அன்றைக்குத் தீர்ந்தது.

திங்கட்கிழமை எல்லோரும் தங்கள் தங்கள் கடவுச்சொல்லை வைத்தார்கள். ஒரு தடங்கலும் இல்லை. "என்ன டேட்டாபேஸ், பூ மாதிரி போயிடுச்சே" என்று கவுண்டர்காரர் பாராட்டினார். அண்ணன் அன்று மாலை புதுச் சட்டை போட்டவர் மாதிரி நடந்து வீட்டுக்கு வந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை தட்டச்சுப் பிரிவில் ஒருவர்கூட உள்ளே போக முடியவில்லை.

தவறான கடவுச்சொல் என்றது திரை. மறுபடி அடித்தார்கள். மறுபடியும் அதையே சொன்னது. மூன்றாவது தடவைக்குப் பிறகு கணக்கையே பூட்டிவிட்டது. அவள் வந்து பூட்டைத் திறந்து, புதிதாக வைக்கச் சொன்னாள். வைத்தார்கள், உடனே ஏற்றுக்கொண்டது. உள்ளே போகலாம் என்று அதையே அடித்தால், தவறான கடவுச்சொல். அண்ணனுக்கும் அதே கதிதான். பெரிய எழுத்து விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு விரலையும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டே, ஆரம்பப் பாடம் அடிப்பவர் மாதிரி நிதானமாக அடித்தார். இத்தனை வருஷத்தில் ஓர் அறிக்கையில் ஓர் எழுத்துப் பிழை என்று யாரும் அவரிடம் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அவரைப் பார்த்துத் திரை பிழை என்றது.

இதில் எரிச்சல் என்னவென்றால் மற்ற எல்லோருக்கும் சரியாக வேலை செய்தது. ரத்தப் பரிசோதனை அறைக்காரர்கள் போனார்கள், கணக்குப் பிரிவு போனது. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துகிற கவுண்டர்காரர்கூட ஜோராக உள்ளே போனார். அடிப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் மட்டும் வெளியே நின்றார்கள். வேறு வழியில்லாமல் அறிக்கைகளைத் தனித்தாளில் அடித்து, கவுண்டர்காரர் அதைப் பார்த்துக் குத்தி ஏற்றினார். கீழே காத்திருந்தவர்களின் வரிசை வாசலைத் தாண்டி வளர்ந்தது.

மேலாளர் மேலே ஏறி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டால் அவருக்குக் காது சிவந்துவிடும்.

"எல்லாருக்கும் ஓடுது. உங்க பிரிவுக்கு மட்டும் ஓடல. இதுக்கு என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்க" என்றார் அண்ணனிடம். "அறிக்கை அடிக்கறதை வெளி நிறுவனத்துக்குக் குடுத்துடலாம்னு தலைமை அலுவலகம் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கு. நான்தான் தடுத்து வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல என்னால முடியாது."

பிறகு தங்கையிடம் திரும்பினார். "இதுல என்னம்மா கஷ்டம். ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் குடுங்க, அவங்கவங்க பாஸ்வேர்டை எழுதி வாங்குங்க, எங்க தப்புன்னு பாத்துடலாம்."

"வேண்டாம் சார்."

"வேண்டாமா?"

"கடவுச்சொல்லை யாரும் யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு நான்தான் முதல் நாள் எல்லாரையும் நிக்கவெச்சுச் சொன்னேன். எனக்குக்கூடச் சொல்லக்கூடாதுன்னேன். தரவுத்தளத்துலகூட அதை அப்படியே வெக்கல சார், அரைச்சு மாவா வெச்சிருக்கேன். மாவைப் பாத்து எந்த அரிசின்னு என்னாலயே சொல்ல முடியாது. அப்படிச் சொல்லிட்டு இன்னிக்கு நானே காகிதம் நீட்டினா, நாளைக்கு எவனாவது போன்ல கேட்டாலும் இவங்க சொல்லிடுவாங்க."

மேலாளர் அவளைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "அப்ப வேற வழி கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போடவேண்டிய மனிதரிடம் இப்படியா முகத்துக்கு நேராகப் பேசுவது என்று அண்ணனுக்குத் தோன்றியது. கூடவே, இவ்வளவு தெளிவாக நானே பேசியிருக்க மாட்டேன் என்றும் தோன்றியது.

அவள் தன் இடத்தில் உட்கார்ந்து, தானாகவே கடவுச்சொற்களைக் கற்பனை செய்து வைத்து வைத்துச் சோதித்தாள். குட்டையாக, நீளமாக, குறி முன்னால், குறி நடுவில் என்று எத்தனையோ. எல்லாம் கச்சிதமாக வேலை செய்தன. வியாழக்கிழமை வரை இதே கதை. வீட்டில் அவள் தட்டில் சோறு ஆறியது. "சாப்பிடு குட்டி" என்றால் "ம்" என்பாள், கை நகராது.

வெள்ளிக்கிழமை காலை கண்ணாடி அக்காதான் ஒரு வார்த்தையை விட்டார். பூட்டைத் திறந்துவிட அவள் வந்திருந்தபோது, புலம்பல் மாதிரிச் சொன்னார்.

"உன் மெஷினுக்கு எங்க மேல என்ன கோவம்னே தெரியல கண்ணு. குறி போடச் சொன்னே. எனக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காதுன்னு நான் போடவே இல்ல. அப்படியும் எடுத்துக்கிச்சு. இவ்வளவு தாராளமா இருக்கற மெஷின், அப்புறம் ஏன் உள்ள விடமாட்டேங்குது?"

அவள் பாதி குனிந்தபடியே நின்றுவிட்டாள். "குறியே போடலையா?"

"எழுத்து, எண். அவ்வளவுதான். ஐயோ, அதைச் சொல்லக்கூடாதோ?"

"இல்லக்கா, பரவாயில்ல. குறி இல்லைன்னா அது ஏத்துக்கவே கூடாதே."

அவர்களுக்கே தெரியாமல் விரல் வேறெதையோ சேர்த்து அடிக்கிறதோ என்று அவளுக்குத் தோன்றியது. அப்புறம் ஒரு காரியம் செய்தாள். வெறுமனே ஒரு கடவுச்சொல் கட்டம் மட்டும் இருக்கிற திரையை எல்லோருடைய கணினியிலும் திறந்து வைத்தாள். அறையின் கடைசிக்குப் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

"ஒவ்வொருத்தரா அவங்க கடவுச்சொல்லை எப்பவும் அடிக்கற மாதிரியே அடிங்க. நான் திரும்பிப் பாக்க மாட்டேன்."

"கண்ணாமூச்சி ஆடறியாம்மா?" என்றார் ரயில். "ஒளிஞ்சுக்கறதுக்கு மேசைக்கடியில இடம் பத்தாதே."

"உங்களுக்குத் தேவையே இல்ல. நீங்க ஓடற சத்தத்துலயே பிடிச்சிடுவேன். அடிங்க."

ரயில் அடித்தார். சடசடவென்று ஒரு கொத்து, கடைசியில் தொம்மென்று ஒன்று. கண்ணாடி அக்கா அடித்தார். மெல்லிய தூறல், கடைசியில் தொம். அண்ணன் அடித்தார். அவர் அடிக்கும்போது அவள் தோள் லேசாக உயர்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

"சார், இன்னொரு தடவை."

அடித்தார்.

"அண்ணா" என்றாள், அலுவலகம் என்பதை மறந்து. "கடைசியில என்ன அடிச்சீங்க?"

"ஒண்ணும் இல்லையே. சொல்லு முடிஞ்சது, கையை எடுத்துட்டேன்."

"கையை எடுக்கறதுக்கு முன்னாடி?"

அண்ணன் தன் வலது கட்டை விரலைப் பார்த்தார். அது இடைவெளிப் பட்டையின்மேல் படுத்திருந்தது, வேலையை முடித்துவிட்டு இளைப்பாறுகிறவன் மாதிரி. அவருக்கு அதை அங்கே வைத்ததாக ஞாபகமே இல்லை. ரயில் குனிந்து தன் விரலைப் பார்த்தார். கண்ணாடி அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பார்த்தார். எல்லோருடைய கட்டை விரலும் அங்கேதான் இருந்தது.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, மூச்சு முட்டுமளவு சிரித்தாள். "சின்ன வயசுலேர்ந்து கேட்ட சத்தம். மேசையில இந்தத் தட்டு விழுந்தாத்தான் ஒரு வார்த்தை முடிஞ்சுதுன்னு எனக்குத் தெரியும். நாலு நாளா இதை யோசிக்கலையே."

கீழேயிருந்து கவுண்டர்காரரைக் கூட்டிவந்து அடிக்கச் சொன்னாள். அவர் குத்திக் குத்தி முடித்தார். தொம் இல்லை. அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

அவள் எல்லோருக்கும் விளக்கினாள். குறி என்றால் எழுத்தும் இல்லாத, எண்ணும் இல்லாத ஒன்று என்று எழுதியிருந்தாள் அல்லவா? இடைவெளி எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. அதனால் கண்ணாடி அக்காவின் வெறும் இடைவெளியைக் குறி என்று மதித்து அவளுடைய விதி மரியாதையாக உள்ளே விட்டிருக்கிறது. இடைவெளியும் கடவுச்சொல்லின் ஒரு பகுதியாக அரைபட்டு உட்கார்ந்துவிட்டது. ஆனால் மறுநாள் உள்ளே நுழைகிற திரையில், பெயரை வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது முன்பின் இடைவெளி சேர்ந்து வந்துவிடுமே என்று, ஓரத்து இடைவெளியை வெட்டிவிடும் ஒரு வரியையும் அவள் எழுதியிருந்தாள். அதே வரி கடவுச்சொல்லையும் வெட்டியது. வைக்கும்போது வாலோடு வாங்கிக்கொண்டு, வரும்போது வாலை நறுக்கிவிட்டு, நீ அந்த ஆள் இல்லை என்றால் எப்படி?

"இவ்வளவுதானா?" என்றார் அண்ணன். பெரிய பாரம் இறங்கியிருந்தது. "அப்ப நாங்க கட்டை விரலை மடக்கி வெச்சுக்கறோம். நீ ஒண்ணும் மாத்த வேண்டாம்."

"நான் பசை போட்டு ஒட்டிக்கறேன்" என்றார் ரயில்.

"வேண்டவே வேண்டாம்" என்றாள் அவள். "கை சரியாத்தான் அடிக்குது. ஒருத்தர் அடிச்ச கடவுச்சொல்லை வெட்டறதுக்கு எனக்கு என்ன உரிமை இருக்கு? வெட்டறதை எடுத்துடறேன். குறியையும் இனிமே இன்னின்னதுதான்னு ஒவ்வொண்ணா எழுதிடறேன். சோம்பேறித்தனம் பண்ணினது நான்."

அவள் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், "இப்ப அடிங்க" என்று குரல் வந்தது. யாரும் எதையும் புதிதாக வைக்கவில்லை. வைத்ததையே, வாலோடு, தொம்மென்று அடித்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் திரைகள் திறந்தன. கண்ணாடி அக்கா திரையைத் தொட்டுக் கன்னத்தில் விரலைத் தட்டிக்கொண்டார். அன்று மதியத்துக்குள் கீழே வரிசை கரைந்துவிட்டது.

மாலை மேலாளர் மறுபடி வந்தார். இந்த முறை கதவைச் சாத்திக்கொண்டு, அண்ணனும் தங்கையும் மட்டும் இருக்கப் பேசினார்.

"தலைமை அலுவலகத்துக்கு ஓர் அறிக்கை போகணும்மா, ஏன் நாலு நாள் நின்னுச்சுன்னு. பயனர்களோட பழக்கம் காரணம்னு ஒரு வரியில முடிச்சிடுங்க. அது பொய்யும் இல்லையே. உங்க நிரந்தர உத்தரவு என் மேசையில இருக்கு. இந்த நேரத்துல உங்க எழுத்துல தப்புன்னு போச்சுன்னா அதைத் தள்ளித்தான் போடுவாங்க. நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

மேலாளர் இறங்கிப் போனார். அறிக்கையை அடிக்க வேண்டியவர் அண்ணன்தான். தாளைத் திரையில் திறந்தார்.

"அவர் சொல்றபடியே எழுதிடு குட்டி."

"எழுதினா வெளி நிறுவனத்துக்குக் குடுத்துடுவாங்க."

"குடுக்கட்டும். எனக்கு வேற எங்கயாவது அடிக்கற வேலை கிடைக்காமலா போகும். உனக்கு முழு வாழ்க்கை இருக்கு."

"சரி. உங்க தியாகத்துல கண்ணாடி அக்காவையும் ரயில் அண்ணனையும் சேத்துக்கறீங்களே, அவங்களைக் கேட்டீங்களா?"

அண்ணன் விசைப்பலகையை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"நான் சொல்றேன், அடிங்க" என்றாள். "தாமதத்துக்குக் காரணம் கடவுச்சொல் விதியில் இருந்த பிழை."

அண்ணன் அடித்தார். அவள் திரையைப் பார்த்தாள்.

"சிறு பிழைன்னு அடிச்சிருக்கீங்க."

"சிறுசுதானே? ஒரே ஒரு இடைவெளி."

"ஒரு பிரிவு மொத்தமும் நாலு நாள் வெளியில நின்னிருக்கு. 'சிறு'வை எடுங்க."

எடுத்தார். இருபது வருஷமாக அடுத்தவர் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் அடித்தவர், அன்றுதான் முதல் தடவையாகத் தன் கையால் ஒரு சொல்லைச் சேர்த்து, பிடிபட்டிருந்தார்.

"விதியை எழுதியவர், சோதித்தவர் இருவரும் நானே. தட்டச்சுப் பிரிவினரின் பழக்கத்தில் தவறு இல்லை. சோதித்தபோது அவர்களில் ஒருவரைக்கூட உட்கார வைத்து நான் பார்க்கவில்லை."

அவர் அடித்துக்கொண்டே போனார். கண்ணில் நீர் முட்டினாலும் விரல் தடுமாறவில்லை. முடிந்ததும் அச்செடுத்து, ஒருமுறை முழுக்க வாசித்து, ஓரத்தைச் சரிபார்த்து அவளிடம் நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். மேலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தது அண்ணன்தான். மேலாளர் நின்றபடியே படித்தார், உட்கார்ந்து மறுபடி படித்தார். "யாரும் இப்படி எழுதி நான் பாத்ததில்ல" என்று மட்டும் சொன்னார்.

பதில் வரக் கொஞ்ச நாள் ஆயிற்று. அந்த நாட்களில் அவள் திருத்திய விதியைத் தட்டச்சுப் பிரிவுக்குக் கொண்டுவந்தாள். "இதை உடைச்சுக் காட்டுங்க. குறி இல்லாம உள்ள போக முடியுதான்னு பாருங்க." வேலைக்கு நடுவே அதுவே ஒரு போட்டியாகிவிட்டது. ரயில் வேகமாக அடித்துப் பார்த்தார். கண்ணாடி அக்கா மெதுவாக, தந்திரமாக அடித்துப் பார்த்தார். பட்டியலில் பின்சாய்கோடு என்ற குறி விட்டுப்போனதை அவர்தான் பிடித்தார். "அக்கா, உங்களை முன்னாடியே கேட்டிருக்கணும்" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டபோது, "கேட்டிருந்தா நாலு நாள் லீவு மாதிரி இருந்திருக்காதே" என்றார் அக்கா.

தலைமை அலுவலகத்தின் பதிலில் இரண்டு செய்திகள் இருந்தன. அறிக்கை அடிக்கும் வேலையை வெளியே கொடுப்பதில்லை; இனி எந்தத் திரையும் பயன்படுத்துகிறவர்களை வைத்துச் சோதித்த பிறகே நடைமுறைக்கு வரும். தங்கையின் நிரந்தர உத்தரவு ஆறு மாதம் தள்ளிவைக்கப்படுகிறது. அவள் அதைப் படித்துவிட்டு, "ஆறு மாசம்தானே" என்று மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல முடியாது. அன்று அவள் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்ததை அண்ணன் கவனித்தார். அழுகை வரும்போது அவள் செய்கிற வேலை அது.

அன்று மாலை கீழே தேநீர்க் கடையில் கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"தங்கச்சிக்குத் தள்ளிப்போச்சாமே. பாவம். கொஞ்சம் பூசி மெழுகி எழுதியிருக்கலாம்."

அண்ணன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எதுக்குப் பாவம்? அந்த அறிக்கையை அடிச்சது நான். இத்தனை வருஷத்துல இந்தக் கையில எத்தனையோ பெரிய டாக்டருங்க அறிக்கை போயிருக்கு. மறுபடி எடுத்துப் படிக்கணும்னு தோணினது இது ஒண்ணுதான்." பிறகு கடைக்காரரைப் பார்த்து, "இன்னொரு டீ, மேல எடுத்துட்டுப் போறேன். சக்கரை கம்மியா. மேடத்துக்கு" என்றார்.